இரண்டுக்குக் கீழே

எட்டாவது நாள் சுயம்புலிங்கம் ரொம்ப நன்றாக இருந்தார். அதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் இரண்டு நாள் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்த மனிதர், இப்போது கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இந்த இட்லியை எடுத்து எறிஞ்சா மண்டை உடைஞ்சிரும் போலுக்கே தாயி" என்று நர்ஸிடம் வம்பு பண்ணிக்கொண்டிருந்தார். வலது உள்ளங்கையில் மட்டும் ஒரு கட்டு. பார்க்க வந்த ஆட்கள் எல்லாரும், "கண்டம் தப்பிச்சிட்டிய அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வராந்தாவில் நின்ற வசுமதிக்கு அந்தக் குரலைக் கேட்கவே முடியவில்லை. உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு இப்படி நடுவில் சில நாள் நல்லபடியாகப் போகும். பசிக்கும், தூக்கம் வரும், சண்டை போடக்கூடத் தெம்பு இருக்கும். எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடம் அதற்குள் பட்டுப்போயிருக்கும், மேலுக்குத் தெரியத்தான் நாளாகும். "இன்னும் ரெண்டு வாரம். மூணாவது வாரத்தைப் பார்த்தா ஆச்சரியம்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவர் வாங்கிய அளவுக்கு எந்த மருந்தும் எட்டாதாம்.

இது சுயம்புலிங்கத்தின் மனைவி தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். வசுமதிக்குத் தெரியும். சுயம்புலிங்கத்துக்கு மட்டும் தெரியாது.

"தங்கச்சி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்," என்று தங்கபுஷ்பம் நேற்று அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "அவியகிட்ட மூச்சு விட்ராதீய. இருக்கிற நாளாவது மனுசன் சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும். தெரிஞ்சா அந்தானைக்கே பாதி உசிரு போயிரும்."

எந்த வீட்டில்தான் சொல்லியிருக்கிறார்கள்? நம் ஊரில் நோய் என்னவென்று நோயாளிக்குத்தான் கடைசியில் தெரியும், தெரியாமலே முடிந்துபோனவர்களும் உண்டு. வசுமதியும் சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஆட்டிய நேரத்தில் வியாழக்கிழமை விஷயம் அவள் காதுக்கு வந்திருக்கவில்லை.

செந்தேரி நிலையத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். செம்மணல் குன்றுகளான தேரிக்கு நடுவே நான்கு மாடி உயரத்துக்கு ஓர் எஃகு உருண்டை. ஆட்கள் அதைக் கலம் என்பார்கள். அணுக்கருவுக்குள் இருக்கிற பொருள், சிட்டிகை எடுத்தால் மலையளவு எடை இருக்கும். அதையே கோடானுகோடி மடங்கு நீர்க்கவிட்டு, குளிரவைத்து, காந்தத்தால் அணை கட்டி அந்தக் கலத்துக்குள் நிறுத்தியிருந்தார்கள். பெரும்பாலும் நியூட்ரான். தனியாக விட்டால் கால் மணி நேரத்தில் சிதைந்துபோகிற அந்த நியூட்ரான், கூட்டத்தோடு இருந்தால் ஜோடி சேர்ந்து நிலைத்து நிற்கும் என்று கண்டுபிடித்தபோது உலகமே கொண்டாடியது. இன்றைக்கு நான்கு மாவட்டத்துக்கு விளக்கு எரிவது இந்தக் கலத்தால்தான்.

எந்த அடர்த்தியில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வசுமதி போட்டது. நாட்டிலுள்ள ஆறு நிலையங்களுக்கும் அது வேதவாக்கு. அடர்ந்த பக்கத்தை அவள் இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்துக் கணக்கிட்டாள். நீர்த்த பக்கம் யார் போகப்போகிறார்கள் என்று அங்கே ஒரு நேர்கோட்டை இழுத்து விட்டுவிட்டாள். அடர்த்தி எண் இரண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் கலம் காலி மாதிரிதான், பக்கத்தில் போகலாம் என்று எழுதியது அவள் கைதான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் யானைக்கு அடிபடும். இங்கே அடிபட்டது வேறொருவருக்கு.

ஆயுத பூஜை வந்தால் மெஷினுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், பொட்டு வைக்க வேண்டும். கலத்தை முழுக்கக் காலி பண்ணினாலோ மறுபடி நிரப்ப நாற்பது நாள் ஆகும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அதனால் பூஜை நாளில் இரண்டுக்குக் கீழே நீர்க்கவிட்டு, உள்ளறைக் கதவைத் திறந்து, கலத்துக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பது செந்தேரியில் வழக்கமாகிவிட்டது. வைக்கிறவர் ஃபோர்மேன் சுயம்புலிங்கம். ஓய்வு என்றால் எல்லாவற்றுக்கும் ஓய்வு. ஸ்பானரிலிருந்து அலாரம் வரைக்கும், அளவுகளைப் பதிவு செய்கிற கருவியிலிருந்து ஆட்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் கதிர்வீச்சு வில்லை வரைக்கும், சாமி படத்துக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருக்கும். கலத்தின் கழுத்தில் இருக்கிற பழைய முள் ஒன்றுதான் ஓய்வெடுக்காமல் அடர்த்தியைக் காட்டிக்கொண்டிருக்கும். பத்து வருஷம் ஒன்றும் ஆகவில்லை. வசுமதியே வருஷா வருஷம் வந்து பொரிகடலை தின்றுவிட்டுப் போயிருக்கிறாள்.

இந்த வருஷம் ஆடி மாதத்தில், கூடுதல் மின்சாரம் எடுப்பதற்காக நியூட்ரானோடு கொஞ்சம் புரோட்டானையும் கலந்தார்கள். "அட்டவணை இதுக்கும் செல்லுமா மேடம்?" என்று கேட்டார்கள். "அடர்ந்த பக்கத்தைத் திருத்தித் தர்றேன். நீர்த்த பக்கம் கிடக்கட்டும்" என்றாள் அவள்.

கிடந்தது. பூஜைக்கு மறுநாள் கருவிகளை முடுக்கியதும் அலாரம் அலறிய அலறலில்தான், முந்தின நாள் உள்ளறையில் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தது. உள்ளறை வாசலில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று கும்பிட்ட பன்னிரண்டு பேருக்கும் ரத்தம் சோதித்தார்கள், பழுதில்லை. உள்ளே போன ஒருவர் சுயம்புலிங்கம். விசாரணைக்கு வந்தவர்களிடம் ஐந்தாவது நாள் அவர் வாக்குமூலம் கொடுத்தார்: முள் இரண்டு புள்ளி நான்கில் நின்றது, பார்த்தேன், ஒன்றும் ஆகாது என்று போனேன், என் தப்பு.

எட்டாவது நாளான அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நிலைய இயக்குநர் செல்வின் முன்னால் வசுமதி காகிதங்களைப் பரப்பி வைத்தாள். "சார், அண்ணாச்சி பொய் சொல்றார். ரெண்டு புள்ளி நாலுன்னா உள்ள இருக்கிறது சீரா பரவி இருக்கும். கை முழுக்க ஒரே மாதிரி வெந்திருக்கணும். அவருக்குக் காசு வச்ச மாதிரி திட்டுத் திட்டா வெந்திருக்கு. கலத்துக்குள்ள கட்டி கட்டியாச் சேர்ந்திருக்கு. ரெண்டுக்குக் கீழ போனாத்தான் அப்படிச் சேரும். என் அட்டவணை தப்பு."

செல்வின் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை. "உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறீங்களே மேடம். முழுக் கணக்கு இருக்கா?"

"மூணு வாரம் ஆகும். இது கைக்கணக்கு."

"வெறுங்கை முழம் போடுமா? தலைமையகத்துல என்ன கேப்பாங்க? ஆளே எழுதிக் கொடுத்துட்டார், விதியை மீறினேன்னு. பதிவுக்கருவி ஓய்வுல இருந்துது. முள்ளைப் பார்த்த கண்ணு அவர் கண்ணு மட்டும்தான்."

"மேற்குக் கரை நிலையத்துலயும் இதே கலவைதான் சார். வியாழக்கிழமை ஒன்று புள்ளி ஏழுக்கு இறக்கிட்டு நாலு வெல்டர் உள்ள போறாங்களாம். இன்னிக்குக் காலையிலதான் எனக்குத் தெரிய வந்துது."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. அவர் ஒரு வரி மாத்தி எழுதிக் கொடுக்கட்டும், இந்த நிமிஷம் போன் போடுறேன். அது இல்லாம என் பேச்சு அம்பலம் ஏறாது."

அப்படித்தான் அவள் வராந்தாவுக்கு வந்து சேர்ந்தாள். அறைக்குள்ளிருந்து ஃப்ளாஸ்க்கோடு வெளியே வந்த தங்கபுஷ்பம், "நாலு வாய் தின்னுட்டாவ தங்கச்சி, நல்லாப் பேசுதாவ. கொஞ்ச நேரம் கூட இருங்க, வெந்நி வாங்கிட்டு வந்துருதேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சிரிச்ச முகமா போங்க" என்றாள். வசுமதி சிரித்த முகமாகத்தான் போனாள்.

"வாங்க தங்கச்சி!" ஆபீஸ் ஆட்கள் இருந்தால் மேடம், இல்லாவிட்டால் தங்கச்சி. ஒரே வட்டாரத்துக்காரர்கள், அந்த உரிமை. "என்ன, மூஞ்சி சுண்டிப்போயிருக்கு? செல்வின் சார் கடிச்சிட்டாரா?"

"நீங்க எதுக்கு அண்ணாச்சி பொய் சொன்னீங்க?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "சவத்த விடுங்க. அடுத்த மாசம் ரிட்டயராகப் போற கழுதைக்கு மெமோ குடுத்தா என்ன, மாலை போட்டா என்ன? உங்க டேபிள்ல தப்புன்னா ஊர்பூரா உங்களைல்லா பேசுவான்? நீங்க இருந்து செய்ய வேண்டியது எம்புட்டோ கெடக்கு."

"முள் எதுல நின்னுது?"

"ஒன்னு புள்ளி எட்டு," என்றார் அவர், திருட்டில் அகப்பட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி. "இருபத்தாறு வருஷத்துல முள்ளைப் பாக்காம ஒரு நாள் கால் வச்சதில்ல. அதான் எனக்கும் விளங்கல. ஒன்னு எட்டுல எப்படிச் சுட்டுது?"

வசுமதி நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கல்யாண மண்டபத்துல முகூர்த்த நேரத்தை நினைச்சுக்கோங்க. ஒரே நெரிசல். ஆள் சீரா நிறைஞ்சிருக்கும், இங்க கூடுதல், அங்க குறைச்சல்னு இருக்காது. பந்தி முடிஞ்சு கூட்டம் கலைஞ்ச பிறகு?"

"நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு அங்கங்க கும்பலா உக்காந்து கதையளப்பானுவ."

"அதேதான். கூட்டம் குறைஞ்சா சீராப் பரவும்னு நான் நினைச்சேன். இது குறைஞ்சா கும்பல் கூடுது. நியூட்ரான் மட்டும் இருந்தவரைக்கும் அந்தக் கும்பல் கட்டல. நியூட்ரான் ஜோடி ஜோடியா நிக்கும், ஆனா கட்டியா ஒட்டாது. புரோட்டான் வந்துதா, ரெண்டு அது, ரெண்டு இதுன்னு நாலு நாலாச் சேர்ந்துக்கிட்டுது. சேரும்போது சூட்டைக் கக்கும், ஒட்டாத நியூட்ரானை வெளிய தள்ளும். கலத்துச் சுவர் ஓரத்துல போய்க் கட்டியா நின்னிருக்கு. முள் சராசரியைத்தானே காட்டும்? மண்டபத்துல ஆள் கம்மின்னு அது சொன்னது நிஜம்தான். கும்பல் உங்க கைக்கு நேரா இருந்துது."

சுயம்புலிங்கம் நன்றாகப் புரிந்துகொண்டார். கலத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவருக்குச் சட்டென்று புரியும். "அட! அப்ப டேபிளைத் திருத்திருங்க. அம்புட்டுத்தானே?"

"திருத்த மூணு வாரம் ஆகும். மேற்கே நாலு பேர் நாளை மறுநாள் இறங்குறாங்க. நீங்க உண்மையை எழுதிக் கொடுத்தாத்தான் அதை நிறுத்துவாங்க."

"எழுதிக் குடுத்தது குடுத்ததுதான், அதை மாத்துனா நோண்டுவானுவ." முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "அந்தப் பயலுவளுக்குப் போனைப் போட்டு, சுவத்துல கை வைக்காதியன்னு சொல்லிருங்க. மிஞ்சிப் போனா என்ன, நாலு கொப்புளம், களிம்பு போட்டா ஆறிரும். நான் இருக்கேன்லா, குத்துக்கல்லாட்டம்?"

வசுமதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குத்துக்கல் மாதிரித்தான் இருந்தார். குளித்து, விபூதி பூசி, தலையைப் படிய வாரியிருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. சத்தியத்தைக் காப்பாற்றினோம் என்று ஒரு நிம்மதியாவது மிஞ்சும். ஆனால் முகம் தெரியாத நாலு பேர், வியாழக்கிழமை காலையில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வருவார்கள்.

"களிம்பு போட்டு ஆறாது அண்ணாச்சி," என்றாள். சொல்லும்போதே கண்ணீர் கொட்டிவிட்டது. "கை மட்டும் இல்ல. உடம்பு பூரா வாங்கியிருக்கு. இப்போ நல்லா இருக்கிறது இடைவேளை மாதிரி. ரெண்டு வாரம்தான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நான் போட்ட கோடு, நான் சொன்ன ரெண்டு, அதை நம்பித்தான் நீங்க போனீங்க. உங்களைக் கொன்னது நான்."

சுயம்புலிங்கம் தன் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வாரமா?"

"ஆமா."

"தங்கத்துக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்கதான் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. நான் மீறிட்டேன்."

"கள்ளி," என்றார் அவர். "ஒரு வாரமா என்கூடச் சீட்டு விளையாடுதா. சிரிக்கா. தோத்துக்குடுக்கா." அழுவார் என்று அவள் நினைத்தாள். அவரோ சட்டென்று தலையை நிமிர்த்தினார். முகத்தில் வேறொரு பயம் வந்திருந்தது. "தங்கச்சி, எவ்வளவு தூரத்துல நின்னா இது பிடிக்கும்?"

"பயப்படாதீங்க. மஞ்சக் கோட்டுக்கு வெளிய நின்னவங்க பன்னிரண்டு பேருக்கும் ஒன்னும் இல்ல."

"வெளிய நின்னவனைக் கேக்கல." இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது. "கிட்ட நின்னா? கையை வச்சா? ரெண்டே நிமிஷம்?"

வசுமதிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

"யாரு அண்ணாச்சி உள்ள வந்தது?"

"ஏ எம்மா..." என்று அவர் முனகினார். "இருபத்தாறு வருஷமா கலத்தை அவ சக்களத்தின்னு சொல்லுவா. உங்க சக்களத்திக்குப் பவுசைப் பாரு, தீபாவளியன்னிக்கும் கூப்பிட்டுக்கிடுதான்னு ஏசுவா. ரிட்டயராகுறதுக்குள்ள ஒரு தடவை மூஞ்சியைக் காட்டுங்க, நானே பொட்டு வச்சு விட்டுட்டு வாரேன்னா. எல்லாரும் வர முந்தி, விடிய, பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போனேன். நான் சந்தனம் பூசினேன், பத்து நிமிஷம் ஆச்சு. அவ வந்து குங்குமம் வச்சா. வச்சுட்டுச் சிரிக்கா, நல்லா குளுகுளுன்னுதான் இருக்கா உம்ம ஆளுன்னு."

"அப்போ அந்த ரெண்டு புள்ளி நாலு..."

"ஒன்னு எட்டுன்னு சொன்னா எப்படிச் சுட்டுதுன்னு தோண்டுவானுவ. வெளியாளை உள்ள கூட்டிட்டுப் போனது தெரிஞ்சு அவளைப் போட்டுக் கேள்வி கேப்பானுவ. என் தப்புன்னுட்டா அன்னைக்கே ஃபைலை மூடிருவான். உங்களுக்காகவும்தான் சொன்னேன், பொய்யில்ல. ஆனா முதல்ல அவளுக்காகத்தான்." மூச்சு வாங்கியது. "அன்னைக்குச் சாயங்காலம் அவளும் வாந்தி எடுத்தா தங்கச்சி. எனக்கு இப்படி ஆன பயத்துலன்னு சொன்னா. நானும் நம்பிட்டேன்."

வசுமதி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டு நிமிஷம், கை எட்டும் தூரம். அவருக்கு வந்ததில் கால் பங்கு, அதற்கும் குறைவாகக்கூட இருக்கலாம். கால் பங்கு வாங்கினவர்கள் பிழைத்திருக்கிறார்கள். கிருமி அண்டாத அறை, ரத்தம், மருந்து எல்லாம் முதல் நாளே ஆரம்பித்திருந்தால். எட்டு நாள் போய்விட்டது. அந்த எட்டு நாளும் அந்த அம்மாள், கூட்டம் நெருக்குகிற ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கொண்டு, புருஷனுக்குத் தெரியக் கூடாது என்று காவல் காத்திருக்கிறாள்.

"பிழைக்க வழி இருக்கு," என்றாள். "இருக்குன்னு சொல்லல, இருக்கலாம். இந்த மணி நேரமே ஆரம்பிக்கணும்."

"காகிதத்தைக் குடுங்க."

அவர் இடது கையால் எழுதினார். எழுத்து கோணல் மாணலாகப் போயிற்று. முள் ஒன்று புள்ளி எட்டில் நின்றது. நான் முன்னால் சொன்னது பொய். உள்ளே போனது இரண்டு பேர். கையெழுத்தும் போட்டு நீட்டினார். வசுமதி அங்கேயே அதைப் படம் எடுத்துச் செல்வினுக்கு அனுப்பினாள். அடுத்த நிமிஷமே, 'மேற்கே நிறுத்தச் சொல்லிவிட்டேன்' என்று பதில் வந்தது. நாலு பேர் பிழைத்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய செய்தி, படத்தான் முடியவில்லை.

"எம் மவன் வெள்ளிக்கிழமை மஸ்கட்லேந்து வாரான்," என்றார் சுயம்புலிங்கம், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அவனுக்கு ஒரு ஆளாவது வேணும்லா. போங்க தங்கச்சி. நான் சொல்லி அழுதா அவ என்னைத்தான் தேத்துவா, தன்னைப் பாக்க மாட்டா. நீங்க சொல்லுங்க."

வசுமதி வெளியே வந்தபோது தங்கபுஷ்பம் வெந்நீர் ஃப்ளாஸ்க்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அழுத முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"சொல்லிரலியே?" என்று கிசுகிசுத்தாள்.

"மதினி, வாங்க. கீழ லேபுக்குப் போய் முதல்ல ரத்தம் குடுத்துருவோம்."

தங்கபுஷ்பத்தின் முகம் மலர்ந்தது. எட்டு நாளில் அப்படி ஒரு வெளிச்சத்தை வசுமதி அந்த முகத்தில் பார்த்ததில்லை. "என் ரத்தம் அவியளுக்குச் சேருமா தங்கச்சி? இதை அன்னைக்கே சொல்லப்படாதா?" ஃப்ளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டு, ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே தள்ளினாள். "எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

வசுமதி அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சிக்கு இல்ல மதினி," என்றாள்.